ஜோடி சேர்க்கும் அட்டைகள்: நாலரை வயதுக்கு இதனால் பிரயோஜனம் உண்டா?

கொங்குப்பெண் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மகனுக்கு நாலரை வயது, எல்கேஜி. பள்ளியில் ஞாபகசக்திப் பயிற்சி என்று ஒரு பெட்டி வாங்கச் சொல்கிறார்கள். விலை 4,500 ரூபாய். உள்ளே படம் போட்ட அட்டைகள், கூடவே ஒரு செயலிக்கு ஓராண்டுச் சந்தா. அட்டைகளைக் கவிழ்த்து வைத்து, இரண்டிரண்டாகத் திருப்பி ஜோடி கண்டுபிடிக்கிற விளையாட்டுதான். கூடவே வந்த நோட்டீஸில் நினைவாற்றல் பெருகும், கவனம் கூடும், கணக்கு தானாக வரும் என்று ஏகப்பட்டது எழுதியிருக்கிறது.

மாமியார் "வல்லாரைக் கீரை கொடு, போதும்" என்கிறார். வீட்டுக்காரர் "எல்லாரும் வாங்குறாங்க, நாமும் வாங்கிட்டுப் போவோம்" என்கிறார். பையனுக்கு அட்டை விளையாட்டு பிடிக்கும். ஆனால் எழுத்து இன்னும் சரியாக வரவில்லை. அ முதல் ஊ வரை சொல்வான். எ, ஏ வந்தால் முழிப்பான். க வரிசையில் கு, கூ எல்லாம் ஒன்றுதான் அவனுக்கு.

இந்த விளையாட்டில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா, இல்லை வெறும் வியாபாரமா?

இரண்டு வாலு எழுதியது:

வாங்காதீர்கள். வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகை இருக்குமே, அதை வெட்டினாலே அருமையான அட்டை. சார்ட் பேப்பரில் மட்டும் செய்ய வேண்டாம். மெலிசாக இருந்தால் பின்பக்கம் வழியாகப் படம் தெரியும். என் சின்னவள் ட்யூப்லைட் வெளிச்சத்தில் அட்டையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தே எல்லா ஜோடியையும் எடுத்துவிடுவாள். பெரியவன் வேறு ரகம். எந்த அட்டையின் முதுகில் குழம்புக் கறை, எதன் மூலை மடங்கியிருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வான். அதுவும் ஞாபகசக்திதான் என்று சண்டைக்கு வருகிறான், என்ன சொல்ல.

ஆரம்பப்பள்ளி வாத்தியார் எழுதியது:

அரசுப் பள்ளியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு எங்கள் வகுப்பறையில் அட்டை இல்லாத நாளே கிடையாது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்து, ஒவ்வொரு நிலைக்கும் ஏற்ற மாதிரி டி.எல்.எம்., அதாவது கற்றல் கற்பித்தல் பொருட்கள், செய்து வைக்க வேண்டும். அதனால் அட்டைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல முடியும்.

முதலில் அந்தப் பெட்டியைத் திறந்து ஒரு ஜோடியை எடுத்துப் பாருங்கள். இரண்டு அட்டையிலும் ஒரே படம், ஒரே சொல்லா? உதாரணமாக, இரண்டிலும் குதிரைப் படம், கீழே "குதிரை" என்று எழுத்து. கடையில் கிடைக்கிற பெட்டிகளில் முக்கால்வாசி இப்படித்தான். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பிள்ளை அந்த எழுத்தை ஒரு தடவைகூடப் பார்க்காது. படத்தை வைத்தே ஜோடி சேர்ந்துவிடுகிறதே, அப்புறம் எதற்கு எழுத்தைப் பார்க்க வேண்டும்? நாள் முழுக்க விளையாடினாலும் "கு" தெரியாது.

ஜோடியின் இரண்டு பக்கமும் வேறு வேறாக இருக்க வேண்டும். ஒன்றில் குதிரைப் படம் மட்டும், இன்னொன்றில் "கு" மட்டும். அப்போது ஜோடி சேர்க்க வேண்டுமென்றால் பிள்ளை "குதிரை" என்று வாய்விட்டுச் சொல்லி, முதல் ஒலியைப் பிரித்து, அதற்கான எழுத்து எங்கே பார்த்தோம் என்று தேட வேண்டும். வேலையே அங்கேதான் நடக்கிறது. அட்டையில் என்ன போடுகிறோமோ அதுதான் பிள்ளைக்கு வரும். பெட்டியின் மேல் எழுதியிருப்பது வராது.

இன்னொன்று. ஆங்கிலத்தில் ஆப்பிள், பால் என்று போடுகிற முறையை அப்படியே தமிழுக்கு எடுத்துப் போட்ட அட்டைகள் நிறைய வருகின்றன. தமிழில் ண, ன, ழ, ள, ற எதிலும் சொல் தொடங்காது. அங்கே என்ன செய்கிறார்கள் என்றால், அந்த எழுத்துகளையே விட்டுவிடுகிறார்கள், இல்லாவிட்டால் ஏதோ ஒரு படத்தை ஒட்டிவைக்கிறார்கள். அந்த எழுத்துகளுக்குக் கடைசி ஒலியையோ நடு ஒலியையோ வைத்து அட்டை செய்யுங்கள். கண், மான், தேள், பழம், பறவை. பழத்தில் "ழ" எங்கே வருகிறது என்று கேட்டால் பிள்ளை நாக்கை மடித்துத் தேடும். அதைப் பார்க்கவே வேடிக்கையாக இருக்கும்.

அளவுகோல் எழுதியது:

வாத்தியார் எழுத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் அந்த நோட்டீஸைப் பற்றிச் சொல்கிறேன்.

நினைவு விளையாட்டு விளையாடினால் பொதுவான நினைவாற்றல் பெருகும், அதிலிருந்து கணக்கும் படிப்பும் தானாக வரும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. 2013-இல் மெல்பி-லெர்வாக், ஹியூம் என்ற இரண்டு ஆய்வாளர்கள், நினைவுப் பயிற்சி பற்றி அதுவரை வந்த 23 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். பயிற்சி கொடுத்த அதே மாதிரி வேலையில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அது கணக்குக்கோ வாசிப்புக்கோ தாவவில்லை. 2016 ஜனவரியில் அமெரிக்காவின் வணிக ஆணையம், மூளைப் பயிற்சிச் செயலி விற்ற லுமோசிட்டி நிறுவனத்தை, ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததற்காக 20 லட்சம் டாலர் கட்ட வைத்தது. இவை உங்கள் பள்ளி விற்கிற பெட்டியைப் பற்றிய ஆய்வுகள் இல்லை. ஆனால் "கணக்கு தானாக வரும்" என்ற வரியைப் பார்த்ததும் நான் பர்ஸை மூடிவிடுவேன்.

நெல்லை அப்பா எழுதியது:

அளவுகோல் சார், ஆய்வெல்லாம் இருக்கட்டும். என் மகளுக்கு ஐந்து வயது. இந்த விளையாட்டில் என்னை, அவள் அம்மாவை, சித்தப்பாவை எல்லோரையும் தோற்கடிக்கிறாள். முன்பெல்லாம் நாலு ஜோடிக்கே திணறுவாள், இப்போது பன்னிரண்டு ஜோடி வைத்தாலும் சளைக்க மாட்டேன் என்கிறாள். இது நினைவாற்றல் வளர்ந்ததாகாதா?

அளவுகோல் எழுதியது:

வளர்ந்திருக்கிறது, யார் இல்லை என்றது? அந்த விளையாட்டில் வளர்ந்திருக்கிறது. ஒரு வயது கூடியதால் வந்த வளர்ச்சியும் அதில் இருக்கிறது. கூடவே அவள் ஒரு தந்திரமும் கற்றிருப்பாள். கவனித்துப் பாருங்கள், அவள் முதலில் தெரியாத அட்டையைத் திருப்புகிறாளா, தெரிந்த அட்டையையா? சின்னக் குழந்தைகள் தெரிந்ததை முதலில் திருப்பிவிட்டு அப்புறம் ஜோடியைத் தேடும். விவரம் வந்ததும் தெரியாததை முதலில் திருப்பும். வந்த அட்டைக்கு ஜோடி முன்பே பார்த்ததாக இருந்தால் உடனே எடுத்துவிடலாமே. அந்த மாற்றம் எனக்கு ஞாபகசக்தியைவிடச் சுவாரசியமாகத் தெரிகிறது. தன் வேலையைத் தானே திட்டமிடுவது அது.

அப்புறம், நீங்கள் தோற்பதற்கு ஒரு காரணம் உங்கள் பாதி மனசு போனில் இருப்பது. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நெல்லை அப்பா எழுதியது:

போன் விஷயம் உண்மைதான். மகள் தெரியாததைத்தான் முதலில் எடுக்கிறாள், இப்போது பார்த்தேன்! எப்போது மாறினாள் என்று யோசிக்கிறேன், பிடிபடவில்லை.

பேச்சுப்பயிற்சி எழுதியது:

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற வேலை என்னுடையது. இங்கே எல்லோரும் கவிழ்த்து வைக்கிற விளையாட்டிலேயே நிற்கிறீர்கள். அதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது, அதை யாரும் மதிப்பதில்லை: திறந்து வைத்து ஜோடி சேர்ப்பது.

இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைக்கு அட்டையே தேவையில்லை. ஒரே மாதிரி இரண்டு டம்ளர், இரண்டு ஸ்பூன், இரண்டு செருப்பு. "இது மாதிரி இன்னொண்ணு எங்கே?" என்று கேட்டு எடுக்க வைக்கலாம். பொருளோடு பொருள் சேர்க்கப் பழகியதும், பொருளோடு படம். ஸ்பூனைக் கையில் கொடுத்து, மூன்று படங்களில் ஸ்பூன் படத்தின் மேல் வைக்கச் சொல்வது. அப்புறம் படத்தோடு படம். அதிலும் முதலில் அச்சு அசலாக ஒரே படம், பிறகு ஒரே பொருளின் வேறு வேறு படம்: கறுப்பு நாய், வெள்ளை நாய், உட்கார்ந்திருக்கிற நாய். இவை எல்லாமே நாய்தான் என்று சேர்த்தால், "நாய்" என்ற சொல் குழந்தைக்குள் ஒரு படத்தின் பெயராக இல்லாமல் ஒரு வகையின் பெயராக உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு நிழலோடு படம், பூட்டோடு சாவி, அம்மியோடு குழவி என்று தொடர்புடையவற்றைச் சேர்க்கலாம்.

இதையெல்லாம் திறந்தபடி சேர்க்கத் தெரியாத குழந்தையிடம் கவிழ்த்து வைத்து விளையாடினால், குழந்தை தோற்பது நினைவில்லாததால் இல்லை. எது ஜோடி என்றே அதற்குத் தெரியவில்லை. பெற்றோர் "ஞாபகமே இல்ல டாக்டர்" என்று கவலையோடு வருவார்கள். உட்கார்ந்து பார்த்தால் ஞாபகத்தில் குறையே இருக்காது.

மூன்று வயதில் மூன்று நாலு ஜோடி, நாலு ஐந்தில் ஆறு எட்டு ஜோடி, அதற்கு மேல் குழந்தையின் விருப்பம். இது கண்ணளவுதான், சட்டம் இல்லை. மூன்று வயது தாண்டியும் ஒரே மாதிரிப் பொருட்களைச் சேர்ப்பதில் ஆர்வமே இல்லை, பெயர் சொன்னால் திரும்பிப் பார்ப்பதில்லை, சொற்களும் வரவில்லை என்றால் அட்டை வாங்குவதை விட்டுவிட்டு, குழந்தைநல மருத்துவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். காதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

யாழ் ரீச்சர் எழுதியது:

நான் யாழ்ப்பாணத்தில் முன்பள்ளி நடத்துகிறேன். மேலே எழுதியதெல்லாம் சரி. நான் இரண்டு விசயம் மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, மட்டைகளின் இடத்தை மாற்றக் கூடாது. பெரியவர்கள் விளையாடும்போது மட்டை கோணலாகக் கிடந்தால் கை சும்மா இருக்காது, வடிவாக அடுக்கிவிடுவார்கள். பிள்ளை "ஜன்னல் பக்கத்து மூலையில் மாம்பழம்" என்று இடத்தை வைத்துத்தான் நினைவில் வைத்திருக்கிறது. நீங்கள் அடுக்கினால் அது வைத்திருந்த நினைவு முழுவதும் போய்விடும். திருப்பிய மட்டையை அதே இடத்தில் கவிழ்க்க வேண்டும். ஜோடி எடுத்த பிறகு வரும் வெற்றிடத்தையும் அப்படியே விட வேண்டும். நான் பாயில் கயிற்றால் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

இரண்டாவது, தோல்வி. மூன்று, நாலு வயதுப் பிள்ளைகளுக்குத் தோற்கிறது பெரிய துக்கம். ஆர் வென்றது என்று எண்ணத் தொடங்கினால் ஒரு பிள்ளை அழும், இன்னொன்று மட்டையை எறியும். அதனால் எங்கள் இடத்தில் எல்லோரும் ஒரு கட்சி. மணி அடிப்பதற்குள் எல்லா ஜோடியையும் சேர்ந்து கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். அப்போது ஒரு பிள்ளை மற்றதுக்குச் சொல்லும்: "அங்கை இல்லை, இங்கால, வாளிக்குப் பக்கத்தில". இடம் சொல்லக் கதைக்கிறார்கள் பாருங்கோ, அதுதான் எனக்குப் பெரிய லாபம். மேலே, கீழே, பக்கத்தில், நடுவில் என்று பாடமாகச் சொல்லிக் கொடுத்தால் கொட்டாவி விடுகிற பிள்ளைகள் அவர்கள்.

இரண்டு வாலு எழுதியது:

ரீச்சர், இடம் மாற்றக் கூடாது என்பது சத்தியமான வார்த்தை. என் மனைவிக்கு எல்லாம் நேராக இருக்க வேண்டும். அவர் அடுக்க, சின்னவள் அலற, பக்கத்து வீட்டில் கதவைத் திறந்து பார்ப்பார்கள்.

ஆனால் எல்லோரும் ஒரு கட்சி என்பதில் எனக்குச் சம்மதமில்லை. தோற்கவும் பழக வேண்டாமா? வீட்டில் அப்பாவிடம் தோற்று அழுவதுதானே பாதுகாப்பான அழுகை.

யாழ் ரீச்சர் எழுதியது:

வீட்டில் செய்யுங்கோ, பிழையில்லை. என்னிடம் இருபத்திரண்டு பிள்ளைகள். இருபத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் தோற்கப் பழகினால் என் நிலைமையை யோசித்துப் பாருங்கோ.

கொங்குப்பெண் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பெட்டியில் ஒரு மாதிரியைப் பள்ளியில் வாங்கிப் பார்த்தேன். வாத்தியார் சொன்ன மாதிரியேதான், இரண்டு அட்டையிலும் ஒரே படம், ஒரே சொல். சொல்லும் ஆங்கிலத்தில். அட்டையை நாங்களே செய்துகொள்கிறோம். செயலி மட்டும் தனியாக 900 ரூபாய் என்கிறார்கள். அது எப்படி? அவன் சாப்பிடும்போது விளையாடினால் எனக்கும் நிம்மதி.

அளவுகோல் எழுதியது:

நிம்மதிக்கு 900 ரூபாய் அதிகமில்லைதான்! உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இரண்டு முதல் நாலு வயதுக் குழந்தைகள் உட்கார்ந்தபடி திரை பார்ப்பது நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று இருக்கிறது. அந்தக் கணக்கில் ஏற்கெனவே கார்ட்டூன் எவ்வளவு என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

என் ஆட்சேபம் வேறு. செயலியில் தப்பான ஜோடியைத் தொட்டால் ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். எதிரே உட்கார்ந்திருக்கிற ஆள் "ஏன்டா இதை எடுத்தே? ரெண்டுக்கும் வால் இருக்குன்னா?" என்று கேட்பார். பையன் "இல்ல, ரெண்டும் தண்ணியில இருக்கும்" என்பான். ஆமையையும் மீனையும் அவன் எடுத்ததற்குப் பின்னால் ஒரு யோசனை இருந்திருக்கிறது. செயலிக்கு அது தப்பு, உங்களுக்கு அது பேச்சு.

ரொறன்ரோ தமிழ் எழுதியது:

கனடாவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். எங்கள் பிரச்சினை இங்கே யாரும் சொல்லாதது. அட்டையில் குதிரைப் படம் வைத்தால் பிள்ளை மனதுக்குள் ஹார்ஸ் என்று சொல்லிக்கொண்டு "ஹ" எங்கே என்று தேடுகிறது. வாத்தியார் சொன்ன படம்-எழுத்து ஜோடி அங்கே வேலை செய்யாது, சொல்லே தமிழில் இல்லையே. முதலில் சொல்லைக் காதுக்குக் கொடுக்க வேண்டும். நாங்கள் அட்டையைத் திருப்பியதும் எல்லோரும் சேர்ந்து தமிழில் பெயர் சொன்ன பிறகுதான் இரண்டாவது அட்டையைத் தொடலாம் என்று விதி வைத்தோம். பெயர் சொல்லாமல் தொட்டால் முறை போய்விடும். பிள்ளைகள் போலீஸ் மாதிரி ஒருவரை ஒருவர் பிடித்துக்கொடுக்கிறார்கள்.

ஒரு துணைத் தகவல், பிடித்திருந்தால் படியுங்கள். இந்த விளையாட்டுக்கு ஜப்பானில் பழைய உறவு ஒன்று உண்டு. கிளிஞ்சலின் இரண்டு ஓடுகளின் உட்புறத்தில் படம் வரைந்து, பிரித்துப் பரப்பி, ஜோடி சேர்ப்பார்கள். ஒரு கிளிஞ்சலின் ஓடு அதன் சொந்த மறுபாதியோடு மட்டும்தான் கச்சிதமாகப் பொருந்தும். அதனால் சரியா தப்பா என்று யாரும் சொல்லத் தேவையில்லை, கையே சொல்லிவிடும். இப்போது கடையில் கிடைக்கும் அட்டைப் பெட்டி ஜெர்மனியின் ராவன்ஸ்பர்கர் நிறுவனம் 1959-இல் கொண்டுவந்து பிரபலமாக்கியது.

ஆரம்பப்பள்ளி வாத்தியார் எழுதியது:

கிளிஞ்சல் விஷயம் அருமை. தப்பைப் பொருளே காட்டிக்கொடுக்க வேண்டும் என்பது மாண்டிசோரி அம்மையார் விடாமல் சொன்னது. உருளைகளை அவற்றின் குழிகளில் சேர்க்கிற அந்த மரக்கட்டையைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றைத் தப்பான குழியில் போட்டால் கடைசியில் ஒரு உருளைக்கு இடம் இருக்காது, பிள்ளையே தேடித் திருத்தும். அவர் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் வந்ததால் ஐரோப்பாவுக்குத் திரும்ப முடியாமல் கொடைக்கானலில் சில ஆண்டுகள் இருந்தார். நம் ஊருக்கும் அந்த முறைக்கும் அவ்வளவு பழைய தொடர்பு. இப்போது என்னடாவென்றால் அவர் பெயரைப் பலகையில் எழுதி வைத்துவிட்டு, உள்ளே மூன்று வயதுப் பிள்ளைக்கு இம்பொசிஷன் கொடுக்கிறார்கள்.

பெட்டி செய்கிறவர்களுக்கு இதிலிருந்து ஒரு குறிப்பு. அட்டையின் ஜோடிகளை நடுவில் வேறு வேறு வளைவாக வெட்டினால், சரியான ஜோடி மட்டும்தான் பொருந்தும். எழுத்துப் பழகுகிற ஆரம்பத்தில் இது உதவும். ஆனால் ரொம்ப நாள் வைத்திருக்காதீர்கள். பிள்ளை எழுத்தை விட்டுவிட்டு வளைவைப் பார்த்துச் சேர்க்க ஆரம்பித்துவிடும்.

வெற்றிலைப்பெட்டி எழுதியது:

எனக்கு அறுபத்தெட்டு வயது. பேத்திக்காக இங்கே படிக்க வந்தேன். நாங்களெல்லாம் புளியங்கொட்டையை வைத்தே இதெல்லாம் பண்ணினோம். பல்லாங்குழியில் எந்தக் குழியில் எத்தனை காய் சேர்ந்திருக்கிறது என்று எண்ணாமலே சொல்கிற கிழவிகள் எங்கள் தெருவில் இருந்தார்கள். கிச்சு கிச்சுத் தாம்பாளம் கூட ஞாபக விளையாட்டுதானே?

இன்னொரு கூத்து. பேத்திக்கு நானே அட்டை எழுதிக் கொடுத்தேன். மலை, வாழை, பானை என்று. அவள் "பாட்டி, இது என்ன யானைத் தும்பிக்கை?" என்று கேட்கிறாள். எனக்கு "லை" என்றால் பழைய கொம்பு வைத்துத்தான் கை போகிறது. எழுத்தை மாற்றி எத்தனையோ வருஷமாச்சு, கைக்கு அது தெரியவில்லை.

ஆரம்பப்பள்ளி வாத்தியார் எழுதியது:

அம்மா, 1978-இல் அரசாணை வந்து மாறியது அது. லை, ளை, னை, ணை, அப்புறம் றா, னா, ணா. பழைய வடிவத்தைப் பேத்தி ஏழெட்டு வயதில் பழைய புத்தகங்களில் பார்க்கட்டும், அப்போது உங்கள் அட்டைகளையே ஜோடி விளையாட்டாக்கிவிடலாம்: பழைய லை, புது லை. இப்போதைக்குப் புது வடிவம் மட்டும் போதும்.

கிச்சு கிச்சுத் தாம்பாளத்தில் மணல் வரப்பில் குச்சியை எங்கே ஒளித்தார்கள் என்று ஊகிப்பதுதான் அதிகம். எதிராளி முகத்தைப் படிக்கிற விளையாட்டு என்று சொல்வேன். ஞாபகத்துக்கு என்றால் தட்டு விளையாட்டு நல்லது. தட்டில் ஆறு பொருள் வைத்து, துணியால் மூடி, ஒன்றை எடுத்துவிட்டு எது காணோம் என்று கேட்பது.

அளவுகோல் எழுதியது:

பாட்டி சொன்ன புளியங்கொட்டையில் இருந்து கணக்குக்கு வருகிறேன், ஏனென்றால் அந்த நோட்டீஸ் கணக்கையும் சொல்லியிருந்தது. கணக்கு வர வேண்டுமானால் விளையாட்டில் எண் இருக்க வேண்டும். 2008-இல் ரமணி, சீக்லர் இருவரும் அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நாலைந்து வயதுக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கூட்டத்துக்கு 1 முதல் 10 வரை நேர்வரிசையில் எழுதிய கட்டப்பலகை. இன்னொரு கூட்டத்துக்கு அதே பலகை, எண்ணுக்குப் பதில் நிறங்கள். இரண்டு வாரத்தில் நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம். எண் பலகை விளையாடியவர்கள் எண்ணுவதிலும் எது பெரியது என்று சொல்வதிலும் நன்றாக முன்னேறினார்கள், ஒன்பது வாரம் கழித்துப் பார்த்தபோதும் அது இருந்தது. நிறப் பலகையில் அப்படி எதுவும் இல்லை. வாத்தியார் எழுத்துக்குச் சொன்னதேதான்: பலகையில் என்ன இருந்ததோ அது வந்தது.

அதில் ஒரு நுணுக்கம் உண்டு. காய் 5-இல் இருக்கிறது, இரண்டு விழுந்தது என்றால் பிள்ளை "ஒண்ணு, ரெண்டு" என்று நகர்த்தக் கூடாது, "ஆறு, ஏழு" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்த வேண்டும். பின்னால் வந்த ஆய்வு ஒன்றில் இப்படிச் சொல்லி நகர்த்தியவர்களுக்குத்தான் பலன் அதிகம் தெரிந்தது. பரமபதம் விளையாடும்போது இதைச் செய்து பாருங்கள். என்ன, பரமபதத்தில் வரிசை வளைந்து வளைந்து ஏறுவதால் நாலு வயதுக்குத் திசை குழம்பும். முதலில் ஒரு நீள அட்டையில் பத்து கட்டம் போதும்.

ஜோடி அட்டைக்கும் எண் உண்டு. ஒன்றில் "5", இன்னொன்றில் ஐந்து புளியங்கொட்டை ஒட்டியது. கொட்டைகளை ஓர் அட்டையில் பகடைப் புள்ளி மாதிரியும் இன்னோர் அட்டையில் தாறுமாறாகவும் ஒட்டி, இரண்டும் ஐந்துதான் என்று சேர்க்க வைத்தால் இன்னும் நல்லது. மூன்று வரை குழந்தை பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும், அதற்கு மேல் எண்ணித்தான் ஆக வேண்டும்.

பேச்சுப்பயிற்சி எழுதியது:

புளியங்கொட்டையை நன்றாக ஒட்டுங்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தை வீட்டில் இருந்தால் ஒட்டவே வேண்டாம், புள்ளி வரைந்துவிடுங்கள். மூக்கில் போட்டுக்கொண்டு வருகிற குழந்தைகளை எனக்குத் தெரியும்.

நெல்லை அப்பா எழுதியது:

"பொருத்துக" என்று பரிட்சையில் வருமே, அதுவும் இதே கணக்குதானா? ஐந்தில் நாலைத் தெரிந்து போட்டுவிட்டால் ஐந்தாவது இலவசம். நானெல்லாம் அந்த இலவசத்தில் பாஸானவன்.

ஆரம்பப்பள்ளி வாத்தியார் எழுதியது:

அந்த இலவசம் அட்டையிலும் உண்டு. கடைசி இரண்டு அட்டை மிஞ்சும்போது பிள்ளை பார்க்காமலே எடுத்துவிடும். அதனால் ஜோடியே இல்லாத அட்டை இரண்டைக் கலந்து வைப்பேன். கடைசியில் நாலு அட்டை மிஞ்சும், எது ஜோடி, எது தனி என்று முடிவு செய்தாக வேண்டும். முதல் தடவை அழுத்தமாக எதிர்ப்பு வரும், சமாளியுங்கள்.

கொங்குப்பெண் கேட்ட கு, கூ குழப்பத்துக்கு வருகிறேன். எழுத்தைத் தனியாக வைத்துப் போராடாமல் சொல் ஜோடியாக வையுங்கள். ஒலி ஒன்று மாறினால் பொருளே மாறுகிற சொற்கள், இரண்டையும் வரைய முடிய வேண்டும்: கல், கால். பல், பால். மலை, மாலை. முடி, மூடி. குடை, கூடை. ஒவ்வொன்றுக்கும் படம் ஓர் அட்டை, சொல் ஓர் அட்டை. எல்லாவற்றையும் ஒரே நாளில் பரப்பாதீர்கள். முதலில் குடையும் கல்லும் பாலும் மாதிரி ஒன்றுக்கொன்று ஒட்டாதவை. அவை பழகிய பிறகு குடைக்குப் பக்கத்தில் கூடையைக் கொண்டுவாருங்கள். ஆரம்பத்திலேயே இரண்டையும் சேர்த்து வைத்தால் இரண்டும் ஒன்றாகக் குழம்பிப் பதிந்துவிடும், பிரித்தெடுப்பது பெரும்பாடு. ண, ன-வுக்கும் இதே வழிதான். மூன்று சுழி கண்ணையும் இரண்டு சுழி மானையும் ஒரே வாரத்தில் தொடாதீர்கள்.

ஒ, ஓ-வுக்கு: கொடி, கோடி.

கொங்குப்பெண் எழுதியது:

கு, கூ அட்டை எழுதிவிட்டேன். கூடையை மட்டும் பையன் "பூ வாளி" என்கிறான், பூக்காரம்மா வாளியில்தான் கொண்டுவருகிறார். வீட்டில் இருந்த கூடையைக் கையில் கொடுத்து, அப்புறம் அட்டையைக் காட்டினேன். இப்போது சரி.

கோடியை எப்படி வரைவது? ஒன்றுக்குப் பக்கத்தில் ஏழு சைபரா?

இரண்டு வாலு எழுதியது:

கோடித் துணி, அதாவது புதுத் துணி என்று வரையலாமே.

வெற்றிலைப்பெட்டி எழுதியது:

ஐயோ, கோடி என்றால் எங்கள் பக்கம் சாவு வீட்டில் போடுவது. பிள்ளை விளையாட்டில் அது எதற்கு? கொட்டை, கோட்டை என்று வையுங்கள். புளியங்கொட்டையை ஒட்டினால் படமும் வரைய வேண்டாம்.

ஆரம்பப்பள்ளி வாத்தியார் எழுதியது:

அம்மா சொன்னதுதான் சரி. இனி என் வகுப்பிலும் கொட்டை, கோட்டை. எ, ஏ-வுக்கு வரையக்கூடிய ஜோடி யாரிடமாவது இருக்கிறதா? எடு, ஏடு வைத்துப் பார்த்தேன், ஏடு என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைக்குத் தெரியவில்லை.

ரொறன்ரோ தமிழ் எழுதியது:

பெய், பேய். முதல் அட்டையில் மழை, இரண்டாவதில் பேய். எங்கள் வகுப்பில் எல்லோரும் பேய் அட்டைக்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள்.

கொங்குப்பெண் எழுதியது:

பேய் வரைந்து கொடுத்தாயிற்று. பையன் அதற்குப் பொட்டு வைத்து, மாமியார் பெயரைச் சூட்டியிருக்கிறான். அட்டையை இப்போதைக்குப் பீரோவில் வைத்திருக்கிறேன்.